ஆறுமணிக் குருவி



வன்னிப் பெருநிலப்பரப்பிலே மாரிகாலம் அணுகுகின்றது என்பதை அறிவிக்கும் குறிகள் பலவுள. ஈசல் எழுகின்றது, குளக்கட்டுகளிலே புல் தலைகாட்டுகின்றது, புழுதியாக உழுது விதைத்த வயலின் வரம்பிலே நின்று கமக்காரன் வானத்தை அண்ணாந்து நோக்குகின்றான். இக்குறிகளோடு சேர்த்து எண்ணத்தக்க மற்றொன்றும் உண்டு. புரட்டாசி கழிந்து ஐப்பசி பிறக்கும் நாட்களிலே, சூரியன் மறைந்து ஒளி முற்றாக அடங்குமுன், பற்றைகளுக்குள்ளிருந்து ஒரு சீழ்க்கை ஒலி எழுகின்றது. அதிலே இரண்டே சுரங்கள். முதலாவது மேலெழும், இரண்டாவது சற்றே சரிந்து முடியும். சிறிது நேரம் கழித்து மறுபடியும் கேட்கும். அதற்கு விடை கூறுவதுபோல வாய்க்காலுக்கு அப்பாலிருந்து இன்னொரு குரல் ஒலிக்கும். இருள் சூழ்ந்ததும் எல்லாம் ஓய்ந்துவிடும். மறுநாள் வைகறையிலும் இதுவே நிகழும். இவ்வொலிக்கு உரிய பறவையைப் பற்றியே இன்று உங்களோடு பேச விரும்புகின்றேன்.

தமிழிலே இதற்கு ஆறுமணிக் குருவி என்று பெயர். காரணப்பெயருக்கு இதனினும் நல்ல எடுத்துக்காட்டை மாணவர்க்குக் காட்டுதல் அரிது. இப்பறவை எம்மிடையே தங்கும் மாதங்களிலே சூரியன் ஆறுமணிக்குச் சற்று முன்னோ சற்றுப் பின்னோதான் மறைகின்றது. தோட்டக்கள்ளன் என்று மற்றொரு பெயரும் உண்டு. அது எதனைக் களவெடுத்தது என்று கேட்டால் விடை கூறுவார் இல்லை. பயிரை அது தீண்டுவதில்லை. ஆளரவம் கேட்டதும் பற்றைக்குள் மறைந்துவிடும் குணத்தினாலேயே இப்பட்டம் கிடைத்தது போலும்! சிங்கள மக்கள் இதன் ஒலியையே பெயராக்கி அவிச்சியா என்பர். இதன் அழகிய ஆடையை முன்னொரு காலத்தில் மயில் களவாடிச் சென்றதென்றும், அது குறித்தே இப்பறவை இன்றுவரை முறையிட்டுக்கொண்டிருக்கின்றதென்றும் அவர்களிடையே ஒரு கதை வழங்குகின்றது. தமிழர் இதனைக் கள்ளன் என்றனர்; சிங்களவரோ களவு கொடுத்தது என்றனர். மயில்கள் பெருகித் தங்கள் பயிரைக் கிளறுவதைக் காணும் இன்றைய வன்னிக் கமக்காரர், இவ்வழக்கிலே சிங்களக் கதையின் பக்கமே நிற்பர் என்பதில் எனக்கு ஐயமில்லை.

விஞ்ஞானிகள் இதற்கு இட்ட பெயரிலும் எமக்கு ஓர் உறவு உண்டு. பிற்றா என்பது இப்பறவைக் குடும்பம் முழுவதற்கும் உலகெங்கும் வழங்கும் பெயர். அது தெலுங்கு மொழியிலே சிறு பறவையைக் குறிக்கும் பிட்ட என்னும் சொல்லேயாகும். உயிரினங்களுக்கு ஒழுங்குமுறையாகப் பெயரிட்ட சுவீடன் நாட்டு அறிஞர் லின்னேயசு 1766 ஆம் ஆண்டில் இதனைப் பதிவு செய்தபோது, காக்கை இனத்தோடு சேர்த்து, குட்டைவால் என்ற பொருளில் அடைமொழி ஒன்றையும் கொடுத்தார். காக்கையுறவு பிற்காலத்தில் நீக்கப்பட்டது. குட்டைவால் என்னும் அடைமொழி இன்றும் நிலைத்திருக்கின்றது. அது நீங்குவதற்கு நியாயமும் இல்லை. வால் இருக்கவேண்டிய இடத்திலே இப்பறவைக்கு ஒரு துண்டு மாத்திரமே உண்டு.

உருவத்தில் இது மைனாவிலும் சிறியது. இதன் நிறை ஐம்பது, அறுபது கிராம், அதாவது ஒரு கோழிமுட்டையின் நிறை. இத்துணைச் சிறிய உடலிலே இயற்கை பூசியிருக்கும் வண்ணங்களைச் சொல்லத் தொடங்கினால் மூச்சு வாங்கும். முதுகு பச்சை. மார்பும் வயிறும் சந்தன நிறம். தொண்டை வெள்ளை. தலையுச்சியின் நடுவே ஒரு கருங்கோடு; கண்ணினூடாக அகன்ற கரும்பட்டை ஒன்று; அதன்மேல் வெண்புருவம். தோளிலும் வாலுக்கு மேலேயும் மின்னுகின்ற நீலம். வாலின் கீழே குருதிச் சிவப்பு. கால்கள் இளஞ்சிவப்பு. வட இந்தியாவிலே இதனை நவரங் என அழைப்பது, அதாவது ஒன்பது வண்ணம் உடையது என்பது, மிகையன்று. சேவலுக்கும் பேட்டுக்கும் வேறுபாடு தெரியாது. இவ்வளவு நிறமும் இருந்தும் காட்டிலே இதனைக் காண்பது எளிதன்று. நிலத்திலே குனிந்து இரைதேடும் வேளையிலே மேலிருந்து நோக்குவோர்க்குத் தெரிவது பச்சை முதுகு மாத்திரமே. இலைநிழலும் புள்ளி வெயிலும் கலந்த தரையிலே அப்பச்சை எங்கே முடிகின்றது, இலை எங்கே தொடங்குகின்றது என்று கண் தடுமாறுகின்றது. குரலைக் கேட்டு வளர்ந்த என் மாணவரிற் பலர் பறவையைக் கண்ணாற் கண்டவரல்லர்.

இனி, அது வாழும் இடத்தைச் சற்று நோக்குவோம்.

விசுவமடு, பரந்தனிலிருந்து முல்லைத்தீவுக்குச் செல்லும் வீதியிலே அமைந்த ஊர். 1960களில் படித்த வாலிபருக்கெனக் குடியேற்றத் திட்டம் வகுக்கப்பட்டு, காடு வெட்டி மிளகாயும் வெங்காயமும் விளைவித்த மண் இது. வெட்டிய காடு போக எஞ்சியிருப்பது உலர்வலயத்துக்குரிய காடு. பாலையும் வீரையும் ஆண்டு முழுவதும் பசுமையாய் நிற்கும். முதிரை முதலியன கோடையிலே இலை உதிர்க்கும். உதிர்ந்த இலை நிலத்திலே மெத்தையாகப் படிகின்றது. சோளகக் காற்றில் அது மொறுமொறுவென்று உலர்ந்து கிடக்கும். மிதித்தால் காடெங்கும் கேட்கும். ஐப்பசியிலே முதல்மழை விழுந்ததும் அந்தச் சருகுக்குள்ளே ஒரு பெரிய உலகம் கண்விழிக்கின்றது. பூஞ்சணம் படர்கின்றது. அதனை உண்ணச் சிற்றுயிர்கள் வருகின்றன. கறையானும் எறும்பும் வண்டும் அவற்றின் புழுக்களும் சிலந்தியும் மண்புழுவும் ஈரச்சருகின் அடியிலே பெருகுகின்றன. ஆறுமணிக் குருவி தேடி வருவது இந்தச் சருகைத்தான்.

காட்டிலே பூச்சி தின்னும் பறவைகள் பல இருந்தும் அவை தம்முள் அதிகம் மோதிக்கொள்வதில்லை. ஒவ்வொன்றும் தனக்கெனத் தனி இடத்தைக் கொண்டிருக்கின்றது. ஈபிடிப்பான் கிளைநுனியிலிருந்து பாய்ந்து பறக்கும் பூச்சியைக் கவ்வும். மரங்கொத்தி பட்டையைக் குடையும். இலைகளின் அடிப்புறத்தைச் சிறு சிட்டுகள் ஆராயும். தரையிலே புலுனிகள் ஏழெட்டாகச் சேர்ந்து கூச்சலிட்டுக்கொண்டு சருகைப் புரட்டும். ஆறுமணிக் குருவியும் தரையிலேதான் மேய்கின்றது; ஆனால் புலுனியின் குணத்துக்கு நேர்மாறானது. தனியே வரும், பேசாது வரும். இரண்டு தத்தல் தத்தி நிற்கும். தலையைச் சாய்த்து நோக்கும். அலகினாலே ஓர் இலையைப் பற்றிப் புறத்தே எறியும், அடியிலிருந்ததைக் கொத்தும், குட்டைவாலை மெல்ல மேலும் கீழும் ஆட்டும், மறுபடியும் இரண்டு தத்தல். ஈரமண்ணிலே அலகைச் செலுத்தி மண்புழுவை இழுத்தெடுப்பதும் உண்டு. நாளெல்லாம் இதுவே வேலை. இரவிலே மரக்கிளையில் ஏறி உறங்கும். அந்திவேளைக் குரலையும் பெரும்பாலும் கிளையொன்றில் அமர்ந்து, தலையைப் பின்னே சாய்த்தே எழுப்பும்.

அக்குரல் வெறும் பொழுதுபோக்குப் பாட்டன்று. தங்கும் காலம் முழுவதும் ஒவ்வொரு பறவையும் தனக்கென ஒரு துண்டு நிலத்தை வரைந்துகொண்டு, அதற்குள்ளே தன் இனத்துப் பிறிதொன்று நுழையாமற் பார்த்துக்கொள்ளும். இது என் எல்லை என்று ஒன்று கூறுகின்றது. அப்பாற்பட்டது என்னுடையது என்று மற்றது கூறுகின்றது. வேலியிலே நின்று இரு அயலவர் குரலுயர்த்திக் கொள்வதை அறிந்த எம்மவர்க்கு இது புதிதன்று. ஆனால் இப்பறவைகள் நியாயமன்றம் செல்வதில்லை. இரண்டு சுரங்களோடு காரியம் முடிந்துவிடுகின்றது.

இத்துண்டு நிலத்துக்காக அது கடந்துவரும் தூரமோ பெரிது. ஆறுமணிக் குருவி இலங்கையிலே கூடு கட்டுவதில்லை. இமயமலையின் அடிவாரக் காடுகளிலும், நடு இந்தியாவின் மலைக்காடுகளிலும், மேற்குத் தொடர்ச்சி மலையிலே கருநாடகம் வரையிலும் அது இனம்பெருக்குகின்றது. அங்கே தென்மேற்குப் பருவமழை பொழியும் காலத்திலே, நிலத்திலோ தாழ்ந்த கிளையிலோ, சுள்ளியாலும் உலர்ந்த இலையாலும் பந்துபோன்ற கூட்டை அமைத்துப் பக்கவாயில் வைக்கும். நான்கைந்து வெண்முட்டைகள், அவற்றிலே ஊதாப் புள்ளிகள். ஆணும் பெண்ணும் முறைவைத்து அடைகாக்கும். மழை ஓய்ந்து அங்குள்ள மண் இறுகத் தொடங்கியதும் தெற்கே புறப்படும். இமயத்தின் அடியிலிருந்து எமது மண்வரை ஏறக்குறைய 2,000 கிலோமீற்றர். எமக்கு வடகீழ்ப் பருவமழை தொடங்கும் வேளையிலே அது இங்கே வந்து சேர்கின்றது. அங்கே ஒரு மழை, இங்கே ஒரு மழை. ஈரச்சருகைத் தேடி இரண்டு பருவக்காற்றுகளையும் பின்தொடர்ந்து வாழும் உயிர் இது. மாரியும் கோடையும் எவ்வாறு மாறுகின்றன என்பதைப் புவியியற் பாடத்திலே நாம் அம்புக்குறி வரைந்து விளக்குகின்றோம். அந்த அம்புக்குறியைச் சிறகிலே சுமந்து வருவதொன்று வேலிக்கு அப்பால் நிற்கின்றது.

இதிலே வியப்புக்குரியது என்னவெனில், இது பறப்பதிலே வல்ல பறவையன்று. பகலிலே துரத்தினாலும் தாழப் பறந்து அடுத்த பற்றையிலே இறங்கிவிடும். அத்தகைய பறவை இரவு நேரங்களிலே பயணம் செய்து, இறுதியிலே கடலையும் கடக்கின்றது. கோடியக்கரையிலிருந்து யாழ்ப்பாணக் கரைக்கு ஐம்பது கிலோமீற்றர் அளவு நீர்ப்பரப்பு உண்டு. கடந்து வந்தவற்றிற் சில கரையோர ஊர்களிலே விறாந்தையிலும் கிணற்றடியிலும் செயலற்று விழுந்து கிடப்பதுண்டு. விளக்கொளியால் ஈர்க்கப்பட்டு அறைக்குள்ளே புகுந்துவிடுவதும், கண்ணாடி யன்னலிலே மோதுவதும் உண்டு. அவ்வாறு கண்டால் செய்யவேண்டியது மிகச் சிறியது. காற்றுப் புகும் துளைகள் இட்ட மட்டைப்பெட்டி ஒன்றிலே வைத்து மூடி, பூனையும் பிள்ளைகளும் அணுகாத அமைதியான இடத்திலே சில நாழிகை விட்டுவிடுங்கள். வாயைத் திறந்து தண்ணீர் ஊற்ற வேண்டா. சோறு திணிக்க வேண்டா. தெளிந்து அசையத் தொடங்கியதும் பற்றையோரத்திலே பெட்டியைத் திறந்தால், அது தன் வழியைத் தானே அறியும். அழகாக இருக்கின்றது என்று கூட்டில் அடைத்து வளர்க்க முயல்வது பறவைக்குத் தீங்கு, சட்டத்துக்கும் மாறானது.

சுண்டிக்குளம் எமக்கு அண்மையில் இருக்கின்றது. 1938 இல் பறவைகள் சரணாலயமாகவும் 2015 இல் தேசியப் பூங்காவாகவும் அறிவிக்கப்பட்ட இடம். அங்கே பூநாரைகளைக் காண்பதற்கு வெகு தூரத்திலிருந்து மக்கள் வாகனங்களிலே வருகின்றார்கள், வரவேண்டியதே. ஆயினும் பூநாரைக்கு ஒரு களப்பு வேண்டும். அதனைக் காப்பது அரசின் பணி. ஆறுமணிக் குருவிக்கு வேண்டுவது மரநிழலிலே கூட்டாமல் விட்ட ஒரு துண்டு நிலம். அதனைக் கொடுப்பதும் மறுப்பதும் உங்கள் கையிலும் என் கையிலும் இருக்கின்றன.

இங்கேதான் பேச்சுச் சற்றுக் கடினமாகின்றது. சருகு என்றால் எம்மவர்க்குக் குப்பை. கூட்டிய முற்றம் மனைக்கு இலட்சணம் என்று நாம் வளர்க்கப்பட்டோம். எமது பாடசாலைகளிலே காலைக் கடமையின் முதற்பகுதி விளக்குமாறும் புகையுமாகவே கழிகின்றது. அன்றியும், வன்னியிலே பற்றையைக் கண்டு மக்கள் அஞ்சுவதற்கு வெறும் பழக்கம் மாத்திரம் காரணமன்று. 2009 ஆம் ஆண்டின் தொடக்கத்திலே போர் இவ்வூரைக் கடந்தபோது மக்கள் அனைவரும் கிழக்கு நோக்கிப் பெயர்ந்தனர். 2010 க்குப் பின்னர்ப் படிப்படியாகத் திரும்பியவர்கள் கண்டது கூரையற்ற சுவர்களையும், வளவு முழுவதும் மூடி வளர்ந்த பற்றையையும், மிதிவெடி அபாயம் என்று எழுதிய செந்நிறப் பலகைகளையுமே. கால் வைக்க அஞ்சிய நிலம் அது. அந்நிலத்தை அங்குலம் அங்குலமாகத் துப்புரவு செய்தவர்களையும், அதன்பின் பற்றையை வெட்டி எரித்துக் குடிசை போட்டவர்களையும் குறைகூற எனக்கு நா எழாது. வெட்டவெளியாகத் தெரியும் நிலமே பாதுகாப்பான நிலம் என்று ஒரு தலைமுறை கற்றுக்கொண்டது. அது கற்ற முறை அத்தகையது.

ஆயினும், துப்புரவு செய்து முடித்த பின்னும் நாம் வெட்டிக்கொண்டே இருக்கின்றோம். கிளுவையும் பூவரசும் நின்ற உயிர்வேலிகள் மறைந்து, சீமெந்துத் தூணும் கம்பியும் வந்துவிட்டன. வேலியோரத்து நிழல் போயிற்று. நிழலோடு சருகும் போயிற்று. தோட்டங்களிலே பூச்சிகொல்லி தெளிக்கப்படுகின்றது. பூச்சியற்ற தோட்டத்திலே பூச்சியுண்ணும் பறவைக்கு அலுவல் இல்லை. இப்பறவை உலகிலிருந்து அழிந்துபோகும் நிலையிலுள்ளது என்று கூறி உங்களை அச்சுறுத்த நான் விரும்பவில்லை; அது உண்மையுமன்று. உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் பட்டியலிலே அது இடர் குறைந்த இனமாகவே உள்ளது. பறவை எங்கோ இருக்கும். எமது ஊரிலே இருக்குமா என்பதுதான் கேள்வி.

பெற்றோர் எழுப்பும் தடைகள் இரண்டு. முதலாவது பாம்பு. சருகிலே கண்ணாடிப் புடையன் கிடக்கும் என்பது மெய். அதிலே விளையாட்டு இல்லை. ஆகையால் வகுப்பறையின் அருகும் நடைபாதையும் கிணற்றடியும் விளையாட்டிடமும் நாள்தோறும் கூட்டப்படவே வேண்டும். இரண்டாவது தடை டெங்கு. இதற்கு விடை எளிது. டெங்கு நுளம்பு முட்டையிடுவது சிறு கலங்களிலே தேங்கும் நீரில். உக்கும் சருகில் அன்று. சிரட்டையையும் தயிர்ச்சட்டியையும் யோகட் கோப்பையையும் வெற்றுப் போத்தலையும் பொறுக்கி அகற்றுங்கள்; பீலியிலே நீர் நிற்காமற் பாருங்கள். சருகை எரித்துவிட்டுச் சிரட்டையை மறந்தவனிடம் நுளம்பு நன்றி பாராட்டும்.

எமது பாடசாலையிலே பின்புற எல்லையை ஒட்டி, இரண்டு வீரை மரங்களும் சில பற்றைகளும் உள்ள ஒரு கீலம் நிலத்தைக் கூட்டாமலும் எரிக்காமலும் விட்டிருக்கின்றோம். மாணவர் அதற்குள்ளே காலடி வைப்பதில்லை. கயிறு கட்டிய எல்லையின் இப்பாலிருந்து நோக்குவதே விதி. பெற்றோர் கூட்டத்திலே இதற்கு ஒப்புதல் பெறுவதற்கு ஒரு முழு மாலை வேண்டியிருந்தது. பாம்பைப் பற்றி எழுந்த தாய்மாரின் குரலை நான் மதித்தேன். கயிறும் விதியும் அந்த விவாதத்தின் பயன். எதிர்த்தவருள் முதியவர் ஒருவர், "ஐயா, அந்தக் குருவி கூப்பிட்டால் மழைக்கு மண்வெட்டியை எடு என்று எங்கள் அப்பு சொல்லுவார்" என்று சொல்லி எழுந்த பின்னரே கூட்டத்தின் போக்கு மாறிற்று. என் விளக்கங்கள் எல்லாவற்றிலும் அவருடைய அப்புவின் வாக்கே வலிது!

இன்று அக்கீலத்திற்கு ஒரு கொப்பி உண்டு. முதற்குரல் கேட்ட நாள், கேட்ட வேளை, அன்றைய மழை ஆகியவற்றை ஆண்டு ஒன்பது மாணவர் எழுதிவருகின்றனர். கேட்டவரின் பெயரும் எழுதப்படும். அதற்காகவே வைகறையில் எழுந்து காத்திருப்போரும் உளர். காலையிலே புரட்டிக் கிடக்கும் இலைகளை நோக்கினால் பறவை மேய்ந்த இடம் தெரியும்: ஈரப்பக்கம் மேலே திரும்பிய கரிய இலைகள், உலர்ந்த சருகினிடையே சிறு சிறு திட்டுகளாய்க் காணப்படும். மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் வவுனியாவிலும் உள்ள ஆசிரியர்கள் தத்தம் பாடசாலையிலும் இத்தகைய கொப்பி ஒன்றைத் திறப்பார்களாயின், கரைக்கு வந்த பறவை எத்தனை நாளிலே காட்டுக்கு வந்து சேர்கின்றது என்பதை எமது பிள்ளைகளே தேசப்படத்திலே குறிக்கலாம். இதற்குத் தொலைநோக்கியும் வேண்டியதில்லை. குரலைப் பிறிதொன்றோடு மயங்க இடமில்லை. காதும் மணிக்கூடும் போதுமானவை.

மாசி, பங்குனியிலே மண் மறுபடியும் காயத் தொடங்குகின்றது. அப்போது பறவை நிழல் தேடிக் கிணற்றடி வாழைகளின் பக்கம் வருவதுண்டு. கழிவுநீர் ஓடும் ஈரத்திலே மண்புழு இருக்கும். சித்திரைப் புத்தாண்டு விடுமுறைக்குப் பிள்ளைகள் வீடு செல்லும் நாட்களிலே குரல் அடிக்கடி கேட்கும், பின் குறையும், பின் ஒருநாள் கேட்காது. விடுமுறை முடிந்து வந்து கொப்பியைத் திறக்கும் மாணவருக்கு எழுதுவதற்கு ஒன்றும் இராது. மாலை ஆறுமணிக்குச் செண்பகம் மாத்திரம் கூவும். அவ்வேளையிலே பறவை இந்தியாவின் காய்ந்த சமவெளிகளின்மேல் இரவு இரவாக வடக்கே சென்றுகொண்டிருக்கும். இமயத்தின் அடிவாரத்திலே மழை தொடங்குவதற்கு இன்னும் சில வாரங்கள் உள்ளன.